டைஸ் மக்கர் பண்ணும்போது: கார்டு மேசைக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பேர் கார்டு விளையாடக் கூடுவோம். மேஜிக், போக்கிமான், எப்போதாவது யூகியோ: எல்லாம் ஆளுக்கொரு கார்டுக் கட்டோடு மோதும் ஆட்டங்கள். சண்டை வந்தால் கார்டால் வருவது அபூர்வம், டைஸால்தான் வரும். "நீ தட்டிவிட்டுட்ட", "இல்ல, முன்னமே பதினொன்னுதான்", "அண்ணே, இவன் டைஸ் கள்ள டைஸாக்கும்". வீட்டுக்காரன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். வந்த வழக்குகளையும் தீர்த்த விதத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் மேசையில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். தாயம் ஆடி வளர்ந்த நமக்குக் கட்டை என்றால் உருட்டுவதற்கு. எத்தனை கட்டம் போயிருக்கிறோம் என்பதைக் காய் பார்த்துக்கொள்ளும். கார்டு ஆட்டத்திலோ அதே டைஸ் உருளவும் செய்கிறது, காய் மாதிரி உட்கார்ந்து எண்ணிக்கையும் காட்டுகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டு வேலையையும் ஒரே டைஸிடம் கொடுத்ததால் வருபவை. உருட்டுகிற டைஸ் ஒரு நிறம், எண்ணுகிற டைஸ் வேறு நிறம் என்று பிரித்து வைத்தாலே பல வழக்கு என்னிடம் வராது.

லைஃப் கணக்கு இருவருக்கும் ஒத்துவரவில்லை

மேஜிக்கில் 20 லைஃபில், அதாவது உயிர்ப் புள்ளியில், தொடங்குகிறோம், கமாண்டர் முறையில் 40. பலரும் 20 முக டைஸ் ஒன்றை முன்னால் வைத்து, அடி விழ விழத் திருப்பிக்கொண்டே போவார்கள். சட்டைக் கை பட்டால் போயிற்று. சாயா டம்ளரை நகர்த்தினாலும் போயிற்று. டைஸுக்கு ஞாபகம் கிடையாது என்பதுதான் இங்கே சிக்கல். இப்போது 13 என்று காட்டும். அது 17-லிருந்து இறங்கிய 13-ஆ, முழங்கை பட்டு உருண்டு நின்ற 13-ஆ என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நடந்துவிட்டால் அப்படியே நிறுத்துங்கள், அடுத்த கார்டைத் தொடாதீர்கள். கடைசியாக இருவரும் ஒத்துக்கொண்ட எண் எது என்று பிடியுங்கள். அங்கிருந்து கிரேவ்யார்டில், அதாவது ஆடி முடித்த கார்டுக் குவியலில், மேலே கிடக்கும் கார்டுகளைப் பார்த்தபடி ஒவ்வொரு டர்னையும் சொல்லிக்கொண்டே வாருங்கள்: நீ இரண்டு கிரீச்சர் (சண்டைபோடும் உயிரினக் கார்டு) விட்டு அடித்தாய், ஒன்றை நான் தடுத்தேன், மிச்சம் மூன்று. இரண்டு டர்னுக்கு முன்பு வரை இது வேலை செய்யும். அதற்கும் முன்னால் போனால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வோம். அப்போது நடுவில் ஒரு எண்ணை ஒத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வதே நல்லது.

மறுபடி வராமலிருக்கப் பேனாவும் தாளும் போதும். எங்கள் மேசையில் கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம். 20, 17, 16, 11 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு பேருடைய கணக்கையும் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுவோம். தாளில் பழைய எண்களும் அப்படியே நிற்பதால், எங்கே பிசகியது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடுமையான போட்டிகளில் லைஃப் கணக்குக்கு டைஸை ஏற்காததற்கும், தெரியாமல் கை பட்டு எண் மாறிவிடும் என்பதுதான் காரணம். யூகியோ ஆடுபவர்கள் டைஸை நினைக்கவே வேண்டாம். அங்கே 8000-த்தில் தொடக்கம், போன் கால்குலேட்டர்தான் சரி.

ஒருவர் உருட்டினால் மட்டும் பெரிய எண்ணாக விழுகிறது

ஏமாற்று என்று முடிவுகட்டும் முன் டைஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். 20-க்குப் பக்கத்து முகத்தில் 19, அதை ஒட்டி 18, 17 என்று வரிசையாக இறங்குகிறதா? அப்படியானால் அது ஸ்பின்டவுன். மேஜிக்கின் பண்டில் பெட்டிகளிலும் ப்ரீரிலீஸ் பெட்டிகளிலும் வருவது இதுதான். லைஃபை ஒவ்வொன்றாகக் குறைக்க வசதியாக, அடுத்த எண் எப்போதும் பக்கத்து முகத்திலேயே இருக்கும்படி செய்தது. அதாவது பிறவியிலேயே எண்ணுகிற டைஸ்.

உருட்டுவதற்கென்று செய்த 20 முக டைஸில் எண்கள் கலைந்து கிடக்கும். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். 20-ஐச் சுற்றி 2, 8, 14 இருக்கும். பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எண் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் லாபம் பெரிதாக வராது. ஸ்பின்டவுனிலோ பெரிய எண்கள் எல்லாம் ஒரு பாதியில் குடியிருக்கின்றன. 20-ஐ மேலே வைத்துப் பிடித்து, உருளவிடாமல் மெல்ல நழுவவிடுகிற கைக்கு 15-க்கு மேல் வரவைப்பது பெரிய வித்தை இல்லை. டைஸே சற்றுக் கோணலாக இருந்தாலும், கெடுதல் முழுக்க ஒரே பக்கம் சேரும்.

நியாயமாகச் சொன்னால், எடை சரியாக இருந்து நன்றாகக் குலுக்கி உருட்டினால் ஸ்பின்டவுனிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் இருபதில் ஒரு வாய்ப்புத்தான். அதனால் அதை உருட்டினவரெல்லாம் கள்ளன் ஆகிவிட மாட்டார். ஆனால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தபின் கணக்குச் சொல்லி என்ன பயன்? 2021-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகை வைத்து வந்த மேஜிக் தொகுப்பில் 20 முக டைஸை உருட்டச் சொல்லும் கார்டுகள் நிறைய உண்டு. அந்தக் கார்டுகளைத் தன் டெக்கில் (கார்டுக் கட்டில்) வைத்திருப்பவர், உருட்டுவதற்கென்று செய்த டைஸ் ஒன்றையும் கூடவே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இருவரும் அந்த ஒரே டைஸை உருட்டினால் பேச்சே இல்லை.

சரியான டைஸ்தான், ஆனாலும் ஒரே எண் திரும்பத் திரும்ப விழுகிறது

இதற்கு இரண்டு சோதனை உண்டு. ஒன்று வேடிக்கையானது, மற்றது உண்மையானது.

வேடிக்கையானது உப்புத்தண்ணீர்ச் சோதனை. டைஸைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிச் சுண்டிப் பார்ப்பது. ஒரே முகம் மேலே வந்துகொண்டேயிருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் கனம். சொல்லக் கேட்டதும் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் அடுத்த வாரமே சொத்தவிளைக் கடலில் ஒரு பாட்டில் மோந்து வந்துவிட்டான். போட்டதும் டைஸ் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்பு. அடர்த்தி சாதாரணத் தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் போலத்தான் கூடுதல். அக்ரிலிக் டைஸின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.18. அது மிதக்க வேண்டுமானால் இனி உப்பு கரையாது என்கிற அளவுக்குக் கரைக்க வேண்டும். அதற்கு 100 மில்லி தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 36 கிராம் உப்பு; அப்போது அடர்த்தி 1.2 வரும். கடலையே பாட்டிலில் கொண்டுவந்தும் பத்தவில்லை, கடைசியில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்புதான் காப்பாற்றியது.

சுடுதண்ணீரில் கரைத்து, முழுக்க ஆறவிட்டு, தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். டைஸில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், குமிழி ஒட்டிய பக்கம் பொய்யாக மேலே வரும். முடிந்தபின் நல்ல தண்ணீரில் கழுவவும். இல்லாவிட்டால் வெள்ளை பூத்துக் கார்டு ஸ்லீவில் (உறையில்) எல்லாம் அப்பிக்கொள்ளும். உலோக டைஸ் எந்தத் தண்ணீரிலும் மிதக்காது. என் பாட்டியின் தாயக்கட்டையையும் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டபோது, உள்ளே இருந்து பதில் வந்தது: "அது பித்தளையாக்கும் மக்களே, முங்கத்தான் செய்யும்."

ஆனால் உப்புத்தண்ணீரில் தோற்ற டைஸை உடனே தூக்கி எறியவேண்டாம். தண்ணீரில் மிதக்கும்போது மயிரிழை எடை வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். மேசையில் துள்ளி உருளும்போது அது கண்ணில் படாமலே போகலாம். குழி தோண்டிப் புள்ளி வைத்த சாதாரண ஆறு முக டைஸில்கூட 6-ன் பக்கம் ஆறு குழி, எதிரே 1-ன் பக்கம் ஒரு குழி. 6 பக்கம் துளி லேசுதான். சூதாட்ட விடுதிகளின் டைஸில் குழியை அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்பிவிடுவது அதனால்தான்.

தீர்ப்பு சொல்ல வேண்டியது இரண்டாவது சோதனை: உருட்டி எண்ணுவது. ஆறு முக டைஸை 60 தடவை உருட்டுங்கள். ஒவ்வொரு எண்ணும் 10 தடவை வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வந்த எண்ணிக்கைக்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, ஆறு முகத்துக்கும் கூட்டி, 10-ஆல் வகுங்கள். விடை 11.07-க்குக் கீழே இருந்தால் டைஸ் மீது குறை சொல்ல ஆதாரம் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்களுக்கு இது கை-ஸ்கொயர் சோதனை என்று தெரிந்திருக்கும்.

"கள்ள டைஸ்" என்று வழக்கு வந்த டைஸில் 1 முதல் 6 வரை முறையே 6, 9, 11, 8, 12, 14 தடவை விழுந்தன. 14 என்றதும் கூட்டம் கூவியது. கணக்குப் போட்டோம்: 16, 1, 1, 4, 4, 16, கூட்டினால் 42, வகுத்தால் 4.2. எல்லைக்கு வெகு கீழே. விடுதலை. அதே 6 இருபது தடவை விழுந்து மற்றவை 5, 8, 10, 9, 8 என்று வந்திருந்தால் 13.4 ஆகியிருக்கும், சந்தேகப்படலாம். அப்போதும் இன்னொரு 60 உருட்டிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு குறையும் இல்லாத டைஸ்கூட இருபது சோதனையில் ஒருமுறை போல இந்த எல்லையைத் தாண்டும். கொஞ்சமே கொஞ்சம் கோணல் இருக்கிற டைஸைப் பிடிக்க 60 உருட்டல் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். அவ்வளவு பொறுமை எங்கள் மேசையில் யாருக்கும் இல்லை.

20 முக டைஸுக்கும் இதே வழிதான்: 200 தடவை உருட்டி, ஒவ்வொன்றுக்கும் 10 எதிர்பார்த்து, எல்லையை 30.14 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைஸ் சாய்ந்து நிற்கிறது, அல்லது தரையில் ஓடிவிடுகிறது

கார்டு ஓரத்தில் ஏறிச் சாய்ந்து நின்றால் செல்லுமா? உருட்டும் முன்னாலேயே பேசி முடிக்க வேண்டியது இது. விழுந்தபின் பேசினால், எண் யாருக்குச் சாதகமோ அவர் செல்லும் என்பார். எங்களிடம் கார்டின் மேல் நின்றாலும் சாய்ந்து நின்றாலும் தரையில் விழுந்தாலும் மறுபடி உருட்டல்தான்.

அதைவிட நல்லது, டைஸுக்கு ஒரு வேலி. பலகாரப் பெட்டியின் அட்டை மூடிக்குள் பழைய துணி ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். நேந்திரங்காய் சிப்ஸ் வந்த டப்பா மூடி அளவில் சரியாக இருக்கும், ஆனால் எண்ணெய் போகாது. எவர்சில்வர் தட்டு மட்டும் வேண்டாம். வீட்டில் தூங்குகிறவர்களின் சாபம் சும்மா விடாது.

போக்கிமானில் டேமேஜ் கணக்கு தப்புகிறது

இதில் ஒரு டேமேஜ் கவுண்டர் என்றால் 10. டைஸில் 4 இருந்தால் 40. புதிதாக வருபவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, மிச்சமிருக்கும் எச்.பி.யை (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை) டைஸில் வைப்பது. டைஸ் காட்டவேண்டியது வாங்கிய அடி. மிச்சத்தைக் கார்டில் அச்சிட்ட எச்.பி.யிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 60-ஐத் தாண்டியதும் வரும் குழப்பம். 300-க்கு மேல் எச்.பி. உள்ள போக்கிமான்கள் இப்போது சகஜம். 280 அடிக்கு ஐந்து டைஸை அடுக்கினால் கார்டே தெரியாது. நூறுகளுக்கு ஒரு சிவப்பு டைஸ், பத்துகளுக்கு வெள்ளை என்று வைத்தோம்: சிவப்பு 2, வெள்ளை 6-ம் 2-ம் சேர்ந்து 280. எதிராளியிடம் ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

போக்கிமான் எவால்வ் ஆகும்போதும் (அடுத்த வடிவத்துக்கு மாறும்போதும்), ரிட்ரீட் செய்து, அதாவது பின்வாங்கி, காத்திருக்கும் பெஞ்சுக்குப் போகும்போதும் டேமேஜ் கூடவே போகும். பாய்சன் (விஷம்), பர்ன் (தீக்காயம்) போன்ற நிலைகள் நீங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி டைஸை வைத்தவர்கள் இங்கேதான் எதை எடுப்பது, எதை விடுவது என்று திணறுவார்கள். பாய்சனுக்கும் பர்னுக்கும் டைஸே வேண்டாம், வேறு அடையாளம் வையுங்கள். சட்டைப் பட்டன் போதும்.

எலைட் டிரெயினர் பாக்ஸ் வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள்: டேமேஜுக்கு ஆறு டைஸ், காயின் சுண்டுவதற்குப் பதிலாக உருட்ட தனியாக ஒரு டைஸ், நிலைகளுக்கு இரண்டு மார்க்கர். அந்த ஒற்றை டைஸை டேமேஜுக்கு வைத்துவிட்டு, காயின் சுண்டும்போது தேடாதீர்கள். அதை உருட்டும்போது இரட்டை எண் ஹெட்ஸ், ஒற்றை எண் டெயில்ஸ். அதையும் உருட்டும் முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

யார் முதலில் என்பதற்கே பலமுறை உருட்ட வேண்டியிருக்கிறது

ஆளுக்கொரு ஆறு முக டைஸ் உருட்டினால் ஆறில் ஒருமுறை சமமாக வரும். 20 முக டைஸில் இருபதில் ஒருமுறைதான். மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கார்டைத் திருப்பினால் மேலே வைத்த டைஸ் விழுகிறது

மேஜிக்கில் கார்டை டேப் செய்ய, அதாவது பயன்படுத்திவிட்டோம் என்று காட்ட, 90 டிகிரி திருப்ப வேண்டும். கார்டின் அகலம் 63 மில்லிமீட்டர்தான். அதில் 16 மில்லிமீட்டர் டைஸை ஓரத்தில் வைத்துத் திருப்பினால் விழாமல் என்ன செய்யும்? 12 மில்லிமீட்டர் டைஸ் வாங்குங்கள், படத்தின் நடுவில் வையுங்கள். எழுத்தின் மேல் வைத்தால் எதிராளி ஒவ்வொரு முறையும் தூக்கிப் படிப்பார், தூக்கும்போது எண் மாறும்.

இதைவிடப் பெரிய குழப்பம் டைஸ் எதைச் சொல்கிறது என்பதில். 2/2 கிரீச்சரின் (அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) மேல் 3 காட்டும் டைஸ் இருக்கிறது. மூன்று +1/+1 கவுண்டரா (ஒவ்வொன்றும் இரண்டு பலத்தையும் ஒன்று கூட்டுவது), அதாவது இப்போது 5/5-ஆ? அல்லது வைத்தவர் மனதில் அது 3/3-ஆ? டைஸ் கவுண்டரின் எண்ணிக்கையை மட்டும் காட்டட்டும், கூட்டல் மனதில் நடக்கட்டும். -1/-1 கவுண்டருக்கு வேறு நிறம். இரண்டும் ஒரே கிரீச்சரில் சேர்ந்தால் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று அழித்துவிடும். எந்த நேரத்திலும் ஒரு நிறந்தான் மிஞ்ச வேண்டும். இரண்டு நிறமும் சேர்ந்து கிடந்தால் எங்கோ கழிக்க மறந்திருக்கிறீர்கள். டர்ன் முடியும்வரை மட்டும் நிற்கும் பலத்துக்கு டைஸ் வைக்காதீர்கள், எடுக்க மறந்துவிடும்.

கனமான உலோக டைஸை அழகுக்காக வாங்கியவர்கள் அதைக் கார்டின் மேல் உருட்டவே கூடாது. ஸ்லீவுக்குள் இருந்தாலும் முனை பட்ட இடத்தில் பள்ளம் விழும். அதற்கும் பலகார மூடிதான்.

மழைக்காலத்தில் டைஸ் கார்டில் நிற்காமல் வழுக்குகிறது

டைஸில் கோளாறு இல்லை, கார்டு வளைந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஃபாயில் கார்டில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே உள்ள பளபளப்புப் படலம் விரியாது, அதனால் வளையும். இறுக்கமான ஸ்லீவ் போட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் சில நாளில் ஓரளவு நிமிரும். அயர்ன் பாக்ஸ் வைக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. வேண்டாம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றுகிற காற்று, சன்னலைத் திறந்தால் கார்டைத் தூக்கிக்கொண்டு போகும், டைஸ் மட்டும் மேசையில் மிஞ்சும். எந்த டைஸ் எந்தக் கார்டில் இருந்தது என்று பின்னால் யாருக்கும் நினைவிருக்காது. டர்ன் முடியும்தோறும் போனில் மேசையை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

டைஸ் பையை வீட்டிலேயே மறந்துவிட்டீர்கள்

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சோழி, எது கிடைத்தாலும் ஆகும். உருட்டுவதற்குத் தாயக்கட்டை இருந்தால் கவலையில்லை. ஒரு கட்டையில் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். காயின் வேண்டுமென்றால் ஒரு கட்டையை உருட்டுங்கள்: 1, 3 விழுந்தால் டெயில்ஸ், 0, 2 விழுந்தால் ஹெட்ஸ். ஆறு முக டைஸ் வேண்டுமென்றால் இரண்டு கட்டையையும் தனித்தனியாக உருட்டுங்கள். முதல் கட்டையில் 0 விழுந்தால் மறுபடி. 1, 2, 3 என்றால் அதுவே எண். இரண்டாவது கட்டையில் ஒற்றை விழுந்தால் அதோடு 3 கூட்டுங்கள், இரட்டை என்றால் அப்படியே விடுங்கள். 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு.

கட்டை கையால் ராவி எடுத்தது என்று யாராவது முறைத்தால் 40 தடவை உருட்டி மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். நான்கு முகத்துக்கும் பத்துப்பத்து எதிர்பார்ப்பு, எல்லை 7.81. கட்டையைக் கேட்டு வாங்கும்போது மட்டும், ஒரு ஆட்டம் தாயம் ஆடிவிட்டுத்தான் தருவேன் என்று பாட்டி சொன்னால் மறுக்காதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.